ஒழுகியது புகைக்கூண்டு: கடலோர வீட்டுக்காரர்களுக்கு

விறகடுப்புக்கு மேலே கூரை நனைந்தால், மாடித் தளத்தைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் மேலே ஏறிப் புகைக்கூண்டின் தலையைப் பாருங்கள். இந்த ஒரு வரியை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எங்களுக்கு 38,000 ரூபாயும் ஒரு முழு மழைக்காலமும் மிச்சமாகியிருக்கும். குமரி மாவட்டத்தில் தேங்காப்பட்டணம் பக்கம், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் உள்ள வீடு. அடுக்களையை ஒட்டிய ஒர்க் ஏரியாவில் விறகடுப்பு, அதற்கு மேலே தளத்தைத் துளைத்துப் போகும் ஆறு அங்குல ஆஸ்பெஸ்டாஸ் குழாய், மாடியில் அதைச் சுற்றிச் செங்கல் கூண்டு, உச்சியில் நான்கு குட்டித் தூண்களின்மேல் ஒரு கான்கிரீட் பலகை. தேங்காப்பட்டணத்திலிருந்து கொல்லங்கோடு, களியக்காவிளை தாண்டிப் பாறசாலை வரைக்கும் கொஞ்சம் பழைய வீடுகளில் இதே அமைப்புதான். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்ததும் கூரையில் கறை விழுந்தது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் கறையை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, தளம் ஒழுகுகிறது, முழு மாடிக்கும் வாட்டர் ப்ரூஃபிங் செய்தாக வேண்டும் என்றார். செய்தோம். அடுத்த பெருமழையில் அதே இடத்தில் அதே கறை, முன்னைவிட அகலமாக. அப்போது வந்த கோபத்தைவிட, இனி யாரை நம்பிக் கூப்பிடுவது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

தீர்ப்பு வந்தது கறையின் நிறத்தில் இருந்து. வயதான ஒரு கொத்தனார் மாடியில்கூட ஏறாமல், விரலால் கறையைத் தொட்டு முகர்ந்துவிட்டு, "சாரே, இது தளத்துத் தண்ணியில்ல. நிறத்தப் பாருங்க" என்றார். தளத்தின் வழியாக இறங்கும் தண்ணீர் அநேகமாக நிறமில்லாமல் இருக்கும். காய்ந்த பிறகு ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். புகைக்கூண்டின் வழியாக இறங்குவது கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் இருக்கும், கரிப்புகை வாசம் அடிக்கும், எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மேலே கசிந்து வரும். குழாயின் உட்புறம் படிந்திருக்கும் கரிப்பிசினை மழைத்தண்ணீர் கரைத்துக்கொண்டு வருவதால் அந்த நிறம். அந்தத் தண்ணீர் வெறும் அழுக்கு மட்டுமல்ல, புளிப்பும் உள்ளது. விறகுப்புகை குளிர்ந்து தண்ணீராகும்போது அசிட்டிக் அமிலம் அதில் இருக்கும். அது செங்கல் இடுக்கில் உள்ள சாந்தை மெல்ல மெல்ல அரிக்கும். ஆகவே கறை ஒரு அழகுக்கேடு, மழை முடிந்ததும் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் கூண்டின் செங்கல் கட்டுமானத்தையே இழப்பார்கள்.

நிறத்தை மட்டும் நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம். சோதித்துப் பார்க்க இரண்டு வழி உண்டு. மழைக்காலம் நடந்துகொண்டிருந்தால் கெட்டியான தார்ப்பாய் ஒன்றைக் கூண்டின் தலையில் போர்த்தி, பக்கச் சுவரில் ஓரடி இறங்கும்படி கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். அடுப்பை மூட்டக் கூடாது; மூட்டினால் புகை முழுதும் வீட்டுக்குள் திரும்பும். இரண்டு மூன்று நல்ல மழைக்குப் பிறகு ஒழுக்கு நின்றால் குற்றவாளி தலைதான். தொடர்ந்தால் பக்கச்சுவரோ, கூண்டு தளத்தில் உட்காரும் மூட்டோ, தளமோ. வெயில் காலமாக இருந்தால் ஹோஸ் வைத்துப் பாருங்கள். ஆனால் கீழிருந்து மேலே போக வேண்டும், இதுதான் முக்கியம். முதலில் கூண்டின் அடியில் தளத்தில் மட்டும் அரைமணி நேரம் தண்ணீர் விடுங்கள். கீழே ஒருவர் நின்று கூரையைப் பார்க்க வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் பக்கச் சுவர், அதன்பின் கடைசியாக உச்சி. எடுத்த எடுப்பில் உச்சியில் தண்ணீரை ஊற்றினால் அது எல்லா இடத்திலும் வழிந்து, எந்த ஓட்டை என்று கடைசி வரை தெரியாமலே போகும். எங்கள் கூண்டில் அடியும் பக்கமும் சோதித்தபோது கூரை காய்ந்தே இருந்தது. உச்சியில் விட்ட சில நிமிஷங்களில் சொட்டியது.

உச்சியில் என்ன நடந்திருந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே கதைதான் இந்தக் கரையோரம் முழுக்க. புகைக்கூண்டின் தலையில் இரண்டு பாகம். குழாயைச் சுற்றிச் செங்கல் கட்டின் மேல்பரப்பை மூடுவது ஒன்று. இதைத் தலைக் கான்கிரீட் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் மேலே இடைவெளி விட்டு நிற்கும் பலகை அல்லது தகட்டுத் தொப்பி இன்னொன்று. முதலாவதை நம் ஊரில் பெரும்பாலும் கான்கிரீட்டாகப் போடுவதே இல்லை. சுவர் பூசி மிஞ்சிய சாந்தை அரை அங்குலத்துக்கு வழித்துவிடுவார்கள். ஓரம் செங்கலோடு நேராக முடிந்திருக்கும், வெளியே நீண்டிருக்காது. அடுப்பு எரியும்போது குழாய் சூடாகி விரியும், அணைந்தால் சுருங்கும். சாந்து குழாயோடு ஒட்டிக் கிடப்பதால் குழாயின் வாயிலிருந்து நான்கு மூலைக்கும் வெடிப்பு ஓடும். எங்கள் கூண்டில் நகம் நுழையாத அளவுக்கு மெல்லிய கோடுகள் தான். ஆனால் ஒவ்வொன்றின் உள்ளேயும் கரியும் பச்சைப் பாசியும் அடைந்திருந்தன. பாசி பிடித்த வெடிப்பு என்றால் அங்கே ஈரம் காய்வதே இல்லை என்று அர்த்தம். தென்மேற்குப் பருவமழை முடிந்து மூச்சு விடுவதற்குள் துலா மழை (வடகிழக்குப் பருவமழை) தொடங்கிவிடுகிற மாவட்டம் இது. சுவருக்குக் காய நேரம் கிடைப்பதில்லை.

மேலே நின்ற பலகையின் நிலை இன்னும் மோசம். கீழிருந்து பார்த்தால் ஓரத்தில் சின்ன உடைப்பு மட்டும் தெரிந்தது. ஏறிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கச் சதை பெயர்ந்து, எட்டு மில்லிமீட்டர் கம்பி அடுக்கடுக்காக உப்பி, கையால் உதிர்க்கிற அளவுக்குத் துருவாகி நின்றது. கம்பிக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் கான்கிரீட்கூட இல்லை. கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டின் துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் தொடுகிறது. துரு பிடித்த கம்பி முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கிறது. கான்கிரீட் பிளந்து விழுகிறது. கடலோரத்தை நமது கட்டட விதிநூலான ஐ.எஸ். 456 கடுமையான சூழல் என்றே வகைப்படுத்துகிறது. அங்கே கம்பிக்கு வெளியே குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் வேண்டும், கான்கிரீட் எம்30 என்ற வலிமைத் தரம் வேண்டும், தண்ணீர் சிமென்ட்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இரண்டு அங்குலப் பலகையில் நடுவே கம்பியை வைத்தால் 45 மில்லிமீட்டர் எங்கிருந்து வரும்? வரவே வராது. ஆகவே, மெல்லிய பலகைக்குள் சாதாரணக் கம்பி வைப்பது கடலோரத்தில் தொடக்கத்திலேயே தப்பான ஏற்பாடு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது எத்தனையோ மாடிகளில் நின்ற இப்படிப்பட்ட பலகைகள் ஏற்கெனவே உள்ளுக்குள் செத்துப்போனவையாகத்தான் இருந்திருக்கும். முப்பது நாற்பது கிலோ எடை தலைக்கு மேலே துருவை மட்டும் நம்பி நிற்கிறது என்பதை நினைத்தாலே நடுக்கம் வருகிறது. மாடியில் துணி காயப்போடுகிறவர்களும் குழந்தைகளும் நடமாடும் இடம் அது.

உடைக்கும் வேலையில் அவசரம் கூடாது. இரண்டு நாள் முன்னதாகவே அடுப்பை அணைத்துவிடுங்கள். கூண்டின் கரியை முதலில் இறக்க வேண்டும்: பழைய சாக்கைப் பந்தாகச் சுருட்டிக் கயிற்றில் கட்டி, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டு, மேலிருந்து ஏற்றி இறக்கினால் போதும். குழாய்க்குச் சற்று இறுக்கமாக இருக்கும்படி பந்து இருக்க வேண்டும். அடுப்பு வாயை நனைந்த சாக்கால் அடைக்காமல் இதைச் செய்தால் கரி வீடு முழுக்கப் பறக்கும். பிறகு உடைப்பது. உளியும் சுத்தியலும் மட்டும் போதும். மின்சார பிரேக்கர் வேண்டவே வேண்டாம். அதன் அதிர்வில் நல்ல செங்கல் வரிசைகளும் விட்டுப்போகும், குழாயும் வெடிக்கும். பலகையை உடைக்கும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது, துண்டுகளைக் கயிறு கட்டி இறக்க வேண்டும். குழாய் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதை கட்டிங் மெஷினால் காய்ந்தபடி அறுக்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குழாயைத் தொடாமல் விட முடிந்தால் விட்டுவிடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டே கைரம்பத்தால் அறுக்க வேண்டும், தூசிக்கான முகக்கவசம் போட வேண்டும், துகள்களைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து ஒரு பையில் கட்ட வேண்டும். வேலைக்கு வருகிற கையாளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முகக்கவசத்தை நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

தலையை எடுத்த பிறகு மேல் இரண்டு மூன்று வரிசைச் செங்கல்லைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் எடுத்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். அசையாத இடங்களில் இடுக்கை முக்கால் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, பிரஷ் போட்டு, நனைத்து, புதுச் சாந்து அடைக்க வேண்டும். சில பழைய வீடுகளில் கூண்டு செங்கல்லாக இல்லாமல் வெட்டுக்கல்லாக (செம்புரைக்கல்) இருக்கும். அங்கே ஒன்றுக்கு மூன்று சிமென்ட் சாந்தை அடைத்தால் கல்லைவிட இடுக்கு கெட்டியாகிவிடும், ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் முகம் உதிரும். சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவைதான் அதற்குப் பொருத்தம்.

இனி தலைக் கான்கிரீட். எங்கள் கூண்டு 26 அங்குலச் சதுரம். கான்கிரீட் நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே நீட்ட வேண்டும், ஆக 30 அங்குலச் சதுரம். ஓரத்தில் இரண்டரை அங்குல கனம், குழாயருகே நான்கு அங்குலம். இந்த ஒன்றரை அங்குல வாட்டம்தான் தண்ணீரை நிற்க விடாமல் விரட்டுவது. வெளியே நீட்டிய பகுதிக்கு அடியில் ஒரு பள்ளக்கோடு அவசியம். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றி வளைந்து அடிப்பக்கமாகவே நடந்து சுவருக்கு வந்துவிடும். சன்ஷேடுக்கு அடியில் விடுவார்களே, அதே கோடுதான். அதற்கு எளிய வழி: 20 மில்லிமீட்டர் எலக்ட்ரிக் பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வார்ப்பைத் தாங்கும் அடிப்பலகையின்மேல், அதன் ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, குவிந்த முகம் மேலே இருக்கும்படி ஆணியடித்துவிட்டு வார்த்தால் பலகையைக் கழற்றும்போது கோடு தயாராக இருக்கும். கான்கிரீட் மட்டும் நூறு கிலோவுக்கு மேல் வரும் என்பதால் அடிப்பலகைக்கு முட்டு நன்றாக நிற்க வேண்டும்.

வார்ப்பதற்கு முன் இரண்டு காரியம். செங்கல் மேல்பரப்பில் தடித்த பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும். கான்கிரீட் செங்கலோடு ஒட்டாமல் தன்போக்கில் விரிந்து சுருங்கட்டும் என்பதற்காக. கொத்தனார்கள் இதற்கு எளிதில் சம்மதிக்க மாட்டார்கள், ஒட்டாமல் எப்படி நிற்கும் என்று கேட்பார்கள். அதன் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும், போதாததற்கு, பின்னால் சொல்லப்போகும் தொப்பிக்கான தண்டுகளும் உண்டு. அடுத்தது, குழாயைச் சுற்றி அரை அங்குலத் தெர்மகோல். கான்கிரீட் இறுகியபின் தெர்மகோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் அடுப்புக் கதவுகளுக்குப் போடும் கண்ணாடி இழைக் கயிற்றைத் திணித்து, அதன்மேல் சூடு தாங்கும் சிலிக்கோன் போட வேண்டும். குளியலறைக்கு வாங்கும் சாதாரண சிலிக்கோன் இங்கே பயன்படாது. வினிகர் வாசம் அடிக்கும் வகை சிமென்ட்டில் சரியாக ஒட்டாது, பக்கத்தில் இருக்கும் உலோகத்தையும் அரிக்கும். நியூட்ரல் வகை, சூடு தாங்குவது என்று டியூபில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழாய் வாய் கான்கிரீட்டுக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் நிற்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கலவைக் கணக்கு: இந்த அளவுக்கு நாற்பத்தைந்து லிட்டர் கான்கிரீட் வரும். ஒன்றுக்கு ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் போட்டால் அரை மூட்டை சிமென்ட், அதாவது 25 கிலோ. பத்து லிட்டர் வாளியில் எம்-சாண்ட் ஒன்றே முக்கால் வாளி. அரை அங்குல ஜல்லி மூன்றரை வாளி. தண்ணீர் 11 லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். கலவை இறுக்கமாகத்தான் இருக்கும், கரணையால் தட்டித் தட்டி அமுக்க வேண்டும். வேலை சுலபமாகட்டும் என்று ஒரு குவளை தண்ணீரைக் கூடுதலாக ஊற்றும் பழக்கத்தை அருகில் நின்று தடுக்காவிட்டால் மற்ற எல்லாக் கவனமும் வீண். அந்தத் தண்ணீர் ஆவியாகப் போகும்போது விட்டுச்செல்லும் துளைகள் வழியாகத்தான் உப்பு உள்ளே வரும். சிமென்ட், நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. அல்லது இரும்பு உலைக் கசடு கலந்த வகையாக இருக்கட்டும்; உப்புக்கு அவை நன்றாகத் தாங்கும். கம்பி வைக்கவில்லை. முழுக்கச் செங்கல் மேல் உட்காரும் தலைக்குக் கம்பி தேவையில்லை. பதிலாக மூட்டைக்கு 125 கிராம் என்று விற்கும் பாலிப்ராப்பிலீன் இழைப் பாக்கெட்டில் பாதி போட்டோம். ஆரம்பத்தில் வரும் மெல்லிய வெடிப்பை அது தடுக்கும். கடற்கரை மணலை யாராவது சும்மா கிடைக்கிறதே என்று கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். கிணறு உவர்ப்பாக இருந்தால் அந்தத் தண்ணீரிலும் கலக்க வேண்டாம், குடிதண்ணீரே எடுங்கள். மொத்தமே ஒரு வாளிக்குச் சற்று அதிகம்தானே.

வார்த்ததைவிட அதை ஈரமாக வைத்திருப்பதுதான் பெரும்பாடு. மாடி மூலையில், கடற்காற்று நேராக அடிக்கும் உயரத்தில், மேல்பரப்பு சில மணிநேரத்தில் காய்ந்து வெடிக்கும். இரண்டு வேளை தண்ணீர் தெளிப்பது போதாது. சாக்கை நனைத்துப் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, பத்து நாள் சாக்கு காயாமல் பார்க்க வேண்டும். பி.பி.சி. சிமென்ட்டுக்கு அந்தப் பத்து நாள் கட்டாயம். அதுவரை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. எரிவாயு அடுப்பில் சமாளித்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்; பாதியில் யாராவது நெல் அவிக்க வேண்டும் என்று மூட்டினால் சூட்டில் இளம் கான்கிரீட் குழாயைச் சுற்றி வெடித்துவிடும்.

தொப்பிக்கு முதலில் எல்லோரும் சொல்வது ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. மலிவு, மார்த்தாண்டத்தில் எந்தப் பட்டறையிலும் மடித்துத் தருவார்கள். ஆனால் வெளியிலிருந்து உப்பு, உள்ளிருந்து புளித்த புகை, இரண்டும் சேர்ந்து துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. 202 என்ற மலிவு வகை கடலோரத்துக்கு ஆகவே ஆகாது. 304 பழுப்புப் புள்ளி விழுந்து அசிங்கமாகும். இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 தான் உப்புக்கு நிற்கும். கடையில் காந்தம் வைத்துக் காட்டி, பாருங்கள் ஒட்டவில்லை, அசல் சரக்கு என்பார்கள். மூன்று வகையிலுமே காந்தம் அநேகமாக ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. மாலிப்டினம் இருக்கிறதா என்று காட்டும் சொட்டு மருந்து சோதனை உண்டு, பெரிய தகட்டுக் கடைகளில் செய்துகாட்டுவார்கள். பில்லில் 316 என்று எழுதி வாங்குங்கள். திருகாணியும் அதே வகையாக இருக்க வேண்டும். நல்ல தகட்டில் ஜி.ஐ. திருகாணி போட்டால் இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேரும்போது சிறிய திருகாணிதான் வேகமாகக் கரையும். தகடு பளபளவென்று இருக்கும், ஆனால் ஒரு காற்றில் பறந்துவிடும்.

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது கிரானைட். சமையல் மேடைக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகள் கல் கடைகளில் கிடக்கும், நாம் சொன்ன விலைக்குத் தருவார்கள். 30 அங்குலச் சதுரம், 20 மில்லிமீட்டர் கனம், எடை முப்பது கிலோ சொச்சம். துருப்பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. கடையிலேயே நான்கு துளை போட்டு, அடிப்பக்க ஓரத்தில் தண்ணீர் சொட்டும் கோடும் அறுத்து வாங்க வேண்டும். நான்கு மூலையிலும் 12 மில்லிமீட்டர் 316 திருகுத் தண்டு. தலைக் கான்கிரீட்டைத் தாண்டிச் செங்கல் கட்டுக்குள் ஆறு அங்குலமாவது இறங்கும்படி வார்ப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். தண்டைச் சுற்றிச் சின்னத் தூண் எழுப்பி, அதன்மேல் கல்லை வைத்து, ரப்பர் வாஷரோடு நட்டை முறுக்க வேண்டும். கல் வெடிக்குமளவுக்கு முறுக்க வேண்டாம். குழாய் வாய்க்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில் பலருக்கும் குழப்பம். குறைத்தால் புகை திணறும், கூட்டினால் சாரல் உள்ளே வரும். குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு, அதாவது ஆறு அங்குலக் குழாய்க்கு ஆறு அங்குலம் என்பது நன்றாக வேலை செய்கிறது. கூடவே, கல் குழாயின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் அந்த இடைவெளியைவிட அதிகமாக நீண்டிருக்க வேண்டும். இங்கே மழை நேராக விழுவதில்லை, மேற்கிலிருந்து சாய்ந்துதான் அடிக்கும். எங்கள் கல் பதினோரு அங்குலத்துக்கு மேல் நீண்டு நிற்கிறது.

பக்கவாட்டில் வலை கட்டாவிட்டால் மைனாவும் அணிலும் ஒரே வாரத்தில் குடியேறும். வலைக்கண் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கொசுவலை மாதிரி நெருக்கமானது கரியால் அடைந்து புகை கீழே திரும்பும். அப்படித் திரும்பும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாசம் கிடையாது, கதவைச் சாத்திய அடுக்களையில் ஆளைக் கொல்லும். அடுப்பு திடீரென்று புகையத் தொடங்கினால் முதலில் ஏறிப் பார்க்க வேண்டியது வலையைத்தான்.

கூண்டின் பக்கச் சுவருக்கு எனாமல் போன்ற பெயின்ட் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் பெயின்ட்டோடு சேர்ந்து செங்கல் முகமும் கழன்றுவரும். சிலேன்-சிலாக்சேன் வகை, தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆவியை மட்டும் வெளியே விடும் திரவம் கிடைக்கிறது. சுவர் நன்றாகக் காய்ந்தபின் பிரஷ்ஷால் இரண்டு கை அடித்தால் போதும். கூண்டு தளத்தில் உட்காரும் மூட்டில் சாய்வாகச் சாந்துக் கரை பூசி, கண்ணாடி இழை வலை வைத்து, பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சைத் தளத்தில் ஓரடியும் சுவரில் ஓரடியும் ஏற்றிவிட வேண்டும்.

மாடிக்கு மேலே ஷீட் கூரை போட்டவர்களுக்கு இது வேறு மாதிரி. ஷீட்டுக்கு அடியிலேயே கூண்டு முடிந்தால் புகை அங்கேயே சுற்றி, ஷீட்டின் அடிப்பக்கம் கறுத்துத் துருப்பிடிக்கும். குழாயை ஷீட்டுக்கு மேலே இரண்டு மூன்று அடி கொண்டுபோக வேண்டும். துளையைச் சுற்றி வைக்கும் தகட்டுப் பட்டையின் மேல் விளிம்பு, மேலேயுள்ள ஷீட்டுக்கு அடியில் நுழைந்திருக்க வேண்டும். வெறுமனே மேலே ஒட்டிப் பசை தடவினால் ஒரு வருஷம்கூட வராது.

எல்லாம் செய்தபின்னும் மழையில்லாத நாளில் கூரை வியர்த்தால் பயப்பட வேண்டாம். அது மழைத்தண்ணீர் அல்ல, புகையிலிருந்தே வருவது. பச்சை ரப்பர் விறகு, நனைந்த கதம்பை (தேங்காய் மட்டை), மழையில் கிடந்த கொதும்பு (தென்னம்பாளை) இவற்றை எரித்தால் அதிலுள்ள தண்ணீரெல்லாம் ஆவியாகி, குளிர்ந்த குழாயில் பட்டுத் திரும்பச் சொட்டும். கரிப்பிசினும் அதிகம் படியும், அது தடித்துப்போனால் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கவும் கூடும். ஷெட்டில் ஒரு கோடை முழுக்க உலர்ந்த விறகுதான் இதற்கு மருந்து. விறகடுப்பையே நிறுத்திவிட்டவர்கள் குழாயை மேலே முழுதாக அடைத்துவிட வேண்டாம். கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொப்பியை வைத்து, கீழே ஒரு சிறு காற்றுவழி விடுங்கள். காற்றோட்டமில்லாத குழாயில் பழைய கரி ஈரத்தை உறிஞ்சிக் கசிந்துகொண்டே இருக்கும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கிரானைட், தண்டு, நட்டு, வலை எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். சிமென்ட், மணல், ஜல்லி, இழை, சிலிக்கோன், கயிறு, திரவம் 3,900. கொத்தனாருக்கும் கையாளுக்கும் கூலி 6,600. மொத்தம் 15,700. தளத்துக்கு வீணாகக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. வேலைக்குக் காலம் தை பிற்பகுதி முதல் பங்குனி வரை. சித்திரையில் கோடைமழை தொடங்கிவிடும், வைகாசியில் ஆளே கிடைக்காது. வேலை பேசும்போதே நான்கு விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் கொத்தனாரிடம் கொடுத்துவிடுங்கள்: ஓரம் இரண்டு அங்குலம் நீட்ட வேண்டும், அடியில் கோடு வேண்டும், குழாயைச் சுற்றி இடைவெளி வேண்டும், தண்ணீர் 11 லிட்டருக்கு மேல் கூடாது. கூலியில் ஒரு பகுதியைப் பத்து நாள் ஈரம் காத்து, பலகை கழற்றி, ஹோஸ் வைத்துச் சோதித்தபின் தருவதாகவும் பேசிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் யாரும் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.